ஊர் காலி, வீடு விசாலம்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் விசாலமான குடும்ப வீடு விற்பனைக்கு. காட்ஸ்வோல்ட்ஸ் மலைச்சரிவு. தேன் நிறக் கல் கட்டடம். ஆறு படுக்கையறை, நான்கு குளியலறை, இரண்டு ஏக்கர் தோட்டம், குதிரை கட்ட இடம், கொல்லையை ஒட்டி ஓர் ஆறு. விலை 19,50,000 பவுண்டு. நம் கணக்கில் 20 கோடி ரூபாய்க்கு மேல். முந்துபவருக்கே முன்னுரிமை.

எந்த வாரம் தேடினாலும் இப்படி ஒரு விளம்பரம் அகப்படும். வீடு மாறும், ஊர் மாறும், தரகரின் கோட்டு மாறும், வாசகம் மாறாது. வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம். செருப்பை எங்கே விடுவது என்று தயங்க வேண்டாம். சேற்றுச் செருப்பைக் கழற்றிப் போடவே இங்கே தனி அறை உண்டு.

முதலில் வாசல் பலகையைப் படியுங்கள்: 'பழைய பள்ளிக்கூடம்'. பக்கத்து வீட்டின் பெயர் 'பழைய தபால் நிலையம்'. எதிரே 'பழைய பேக்கரி'. அடுத்து 'பழைய கொல்லுப் பட்டறை'. தெருக்கோடியில் 'பழைய ரயில் நிலைய வீடு'. தரகர் இதைப் பாரம்பரிய அழகு என்கிறார். செத்துப்போனவற்றின் பெயரை வாசலில் எழுதி, அந்தப் பெயருக்கும் சேர்த்து விலை வைக்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வருமா?

இவை தாமாகச் சாகவில்லை. 1963இல் டாக்டர் பீச்சிங் என்பவரின் அறிக்கை 2,363 ரயில் நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது, பெரும்பாலானவற்றை மூடினார்கள். 1985இல் வந்த போக்குவரத்துச் சட்டம் லண்டனுக்கு வெளியே ஓடும் பஸ்களை லாபக் கணக்கின் கையில் ஒப்படைத்தது. கிராமத்துப் பஸ்ஸுக்கு லாபம் வந்தால்தானே! 2007க்கும் 2009க்கும் இடையில் சுமார் 2,500 தபால் நிலையங்களுக்குப் பூட்டு. ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம் ஒன்றுதான்: கட்டுப்படியாகவில்லை. கட்டுப்படியாகாத அந்தப் பள்ளிக்கூடம்தான் ஐயா இன்று 19,50,000 பவுண்டு! முப்பது பிள்ளைகள் உட்கார்ந்து படித்தால் நஷ்டம். ஒரு முதலீட்டு வங்கிக்காரர் வெள்ளிக்கிழமை இரவு வந்து காலை நீட்டினால் லாபம்.

வாசல் இரண்டு. ஒன்றின் மேல் 'பையன்கள்' என்றும் மற்றதன் மேல் 'பெண்கள்' என்றும் கல்லில் செதுக்கியது அப்படியே இருக்கிறது. பையன்கள் வாசல்தான் இப்போது செருப்பு அறை. பெண்கள் வாசலில் ஒயின் அடுக்கியிருக்கிறது. பெரிய வகுப்பறை சமையலறையாகிவிட்டது. நடுவே 'ஆகா' என்னும் வார்ப்பிரும்பு அடுப்பு, சமைக்கிறார்களோ இல்லையோ, நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கிறது. சுவரில் பழைய கரும்பலகை. அதில் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள்: ஆலிவ், ரொட்டி, ஜின். பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மாடிக்குப் போவோம். ஆறு படுக்கையறை. கணவன், மனைவி, விடுதிப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை. ஆளுக்கு இரண்டு அறை! ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று விருந்தாளியின் விருந்தாளிக்கு, ஒன்று யோகாவுக்கு. தரகர் கதவைத் திறந்து, கையை விரித்து, 'இந்த இடவசதியைப் பாருங்கள்' என்கிறார். காலி அறை இங்கே பெருமை.

அதே நாட்டில், 2013 ஏப்ரல் முதல், அரசு உதவியோடு, உள்ளாட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் வீட்டில் குடியிருக்கும் ஏழையிடம் ஓர் அறை கூடுதலாக இருந்தால், வாடகையில் 14 சதவீதம் அளவுக்கு உதவி வெட்டு. இரண்டு அறை கூடுதல் என்றால் 25 சதவீதம். ஊர் அதற்கு வைத்த பெயர் படுக்கையறை வரி. அதிகாரிகளின் கணக்கும் கறார்: பத்து வயதுக்கு உட்பட்ட இரு பிள்ளைகள் ஆணோ பெண்ணோ ஒரே அறையில் படுக்க வேண்டும், ஒரே பாலினம் என்றால் பதினாறு வயது வரை. மூத்த மகன் வேலை தேடி வெளியூர் போனான், அவன் கட்டில் காலி, எடு அபராதம்! காலிக் கட்டிலைத் தேடி ஏழை வீட்டுக்குள் நுழைந்த அந்த அரசாங்கக் கண்ணுக்கு, இந்த மாடியில் மட்டும் திடீரென்று பார்வை மங்கிவிடும்.

'குடும்ப வீடு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அந்தக் குடும்பத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 2025 மார்ச் கணக்கில் இங்கிலாந்தில் 1,31,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தன. அவற்றில் சுமார் 1,69,000 குழந்தைகள். குழந்தைகளோடு இருப்பவர்களை, குளியலறையையும் சமையலறையையும் பிறரோடு பங்கிட வேண்டிய லாட்ஜ் அறையில் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சட்டம் தன்பாட்டுக்கு இருக்கிறது. குடும்பங்கள் தம்பாட்டுக்கு மாதக்கணக்கில் அந்த அறையிலேயே இருக்கின்றன. கட்டிலே மேசை, கட்டிலே பள்ளிப்பாடம், கட்டிலே சாப்பாடு. அந்த அறைக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை.

தோட்டத்துக்கு வாருங்கள். இரண்டு ஏக்கர், வேலி கட்டியது. வேலி கட்டுவதில் இந்த நாட்டுக்கு நீண்ட அனுபவம். 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கும் அதிகமான சட்டங்களை இயற்றி, சுமார் 68 லட்சம் ஏக்கரை வளைத்தார்கள். ஊரார் ஆடு மாடு மேய்த்த புறம்போக்கும் பொதுவயலும் தனியார் சொத்தாயின. புல்லைத் திருடியவன் சிறைக்குப் போனான். புல்வெளியையே எடுத்தவன் நாடாளுமன்றத்துக்குப் போனான்.

இப்படிப்பட்ட மாளிகைகளைக் கட்டிய பணமும் முழுக்க உள்ளூர் வியர்வை அல்ல. இதே காட்ஸ்வோல்ட்ஸில் செசின்கோட் என்று ஒரு மாளிகை, முகலாயக் குவிமாடத்தோடு நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்த குடும்பத்துக்காகக் கட்டியது. டெவனில் ஹால்டன் எஸ்டேட்டை வாங்கியவர் ராபர்ட் பாக், 1763 முதல் 1767 வரை மதராஸ் கவர்னர். இராமேஸ்வரத்துக்கு அப்பால் கிடக்கிற பாக் நீரிணை அவர் பெயர்தான். நமக்கு அவர் பெயர் மிஞ்சியது. அவருக்கு மிஞ்சியது டெவனில் நிலமாயிற்று.

ஆற்றங்கரைக்கு வந்துவிட்டோம். 'ஆற்றோரச் சொத்து' என்பதற்கே விலையில் ஒரு பங்கு. தண்ணீர்க் கம்பெனிகளை 1989இல் தனியாருக்கு விற்றார்கள். 2024இல் மட்டும் இங்கிலாந்தின் ஆறுகளிலும் கடலிலும் கழிவுநீர் கலந்த நேரம் 36 லட்சம் மணி. நான்கு குளியலறையைப் படம் பிடித்துப் போட்ட தரகர், அதன் கழிவு போய் முடிகிற இடத்தைப் படம் பிடிக்கவில்லை. வீட்டைப் பற்றிப் பொய்யாக எழுதும் தரகர்களைத் தண்டிக்கவே 1991இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2013இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். பொதுவான நுகர்வோர் விதிகளே போதுமாம்! ஏழையின் கட்டிலை எண்ணத் தொடங்கிய அதே ஆண்டில்தான் தரகரின் நாக்குக்கு இருந்த தனிப் பூட்டையும் கழற்றினார்கள். ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே கவுன்சில் வரி 1991ஆம் ஆண்டு வீட்டு மதிப்பில்தான் இன்றும் போடப்படுகிறது. மிக உயர்ந்த படி, அன்றைய விலையில் 3,20,000 பவுண்டுக்கு மேல். அதற்கு மேல் மாளிகையோ அரண்மனையோ, எல்லாம் ஒரே படி. ஒரே ஊரில், அடிமட்ட வீட்டுக்காரர் கட்டுவதைப் போல மூன்று மடங்கு, அவ்வளவே. 2028 ஏப்ரல் முதல் 20 லட்சம் பவுண்டும் அதற்கு மேலும் பெறுகிற வீடுகளுக்குக் கூடுதல் வரி என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த வீடு ஏன் 19,50,000 என்று இப்போது புரிகிறதா? தரகருக்குக் கணக்கு தெரியும்.

எல்லாம் சரி, இந்த ஆறு அறையைப் பெருக்குவது யார்? முன்பு தெருக்கோடியில் கவுன்சில் வீடுகள் இருந்தன. 1980இல் பிரதமர் தாட்சரின் அரசு, குடியிருப்பவரே வாங்கிக்கொள்ளலாம் என்றது. அன்று முதல் இங்கிலாந்தில் சுமார் 20 லட்சம் வீடுகள் அப்படிக் கைமாறின. போனதற்கு ஈடாகக் கட்டியது சொற்பம். முதலில் வாங்கியவர் குடியிருந்தார், அடுத்தவர் வாடகைக்கு விட்டார், அதற்கடுத்தவர் வார இறுதிக்கு மட்டும் வருகிறார். பெருக்க வரும் அம்மாள் பக்கத்து டவுனிலிருந்து வர வேண்டும். பஸ் இல்லை. கார் வாங்கியாக வேண்டும். அந்தக் கார் நிறுத்துமிடத்தை அடைக்கிறது என்று ஊர்ச்சபைக்கு மனு போகும். கார்ன்வாலின் செயிண்ட் ஐவ்ஸ் ஊரார் 2016இல் வாக்கெடுப்பு வைத்து, புதிதாகக் கட்டும் வீடுகளை யாரும் இரண்டாம் வீடாக வாங்கக் கூடாது என்றார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆதரவு. பழைய வீடுகளை அந்த விதி தொடவில்லை. பழையதுக்குத்தானே இங்கே மவுசு!

பள்ளிக்கூடம் போய், தபால் போய், ரயில் போய், பஸ் போய், ஆள் போய், மிஞ்சியதை அளந்து பார்த்து 'விசாலம்' என்கிறார்கள். ஊரைக் காலி செய்தால் யார் வீடும் விசாலம்தான்.

ஆகவே ஆள்வோருக்கு ஒரு யோசனை. புதிய சட்டம் வேண்டாம்; 2013இன் படுக்கையறை வரியையே கொஞ்சம் மாடி ஏற்றுங்கள். மூன்று பேருக்கு இரண்டு படுக்கையறை போதும் என்பது உங்கள் கணக்கு. நான்கு கூடுதல். 25 சதவீதம் வெட்டுங்கள்: 4,87,500 பவுண்டு. மறுநாள் காலை நாடே அலறும். சொத்துரிமை செத்தது, குடும்பம் என்ற அமைப்பின் மீதே தாக்குதல், பொறாமை அரசியல் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக ஒப்பாரி வைக்கும். வைக்கட்டும். வைத்து முடித்ததும் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்த வரியைக் கவுன்சில் வீட்டுக்காரி இத்தனை ஆண்டாகக் கட்டிக்கொண்டிருந்தபோது, உங்கள் வாயில் என்ன வைத்திருந்தீர்கள்?