செத்த கோழி சொன்ன சாட்சி

1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பண்ணை பண்ணையாகச் செத்து விழுந்தன. மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல். கிறிஸ்துமஸ் தட்டில் போய்ச் சேர வேண்டியவை தட்டு வரும் முன்பே போய்ச் சேர்ந்ததில் பண்ணைக்காரர்களுக்குத் தாங்க முடியாத துக்கம். மிருக வைத்தியர்கள் முதலில் வைரஸைச் சந்தேகப்பட்டார்கள். ஒன்றும் பிடிபடாமல் 'டர்க்கி எக்ஸ் நோய்' என்று பேர் வைத்தார்கள். நம் பக்கம் காரணம் தெரியாமல் ஆடு செத்தால் காத்து கருப்பு என்போம். வெள்ளைக்காரன் அந்தக் கருப்பை எக்ஸ் என்று எழுதுவான், அவ்வளவுதான்.

கோவில்பட்டிக் கிழவி ஒருத்தியைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தால் முதல் கேள்வியிலேயே முடித்திருப்பாள்: "ஏலே, அது கடேசியா என்னத்தத் தின்னுச்சு?" வைத்தியர்களும் சுற்றி வளைத்து அந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். கோழி செத்த பண்ணைகளில் பெரும்பாலானவை லண்டனைச் சுற்றி இருந்தன. அவற்றுக்குப் போன தீவனத்தில் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு. வான்கோழிக்குப் பூர்வீகம் மெக்சிகோ, கடலைக்குத் தென் அமெரிக்கா. பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் கடல் தாண்டிப் போய்ப் பகை தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புண்ணாக்கில் ஒளிந்திருந்தது அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம். அது கக்கும் நஞ்சுக்கு அதன் பேரையே கிள்ளி ஒட்டி அஃப்ளடாக்சின் என்றார்கள். ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். புற ஊதா விளக்கடியில் வைத்தால் நீலமும் பச்சையுமாக மினுங்கும். திருவிழா சீரியல் லைட் மாதிரி அழகாக இருக்குமாம்.

எங்கள் ஊரான கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று பெருமை பேசினோம். பூசணத்தின் பேரை யாரும் எடுக்கவில்லை. உண்மையில் அதுவும் மானாவாரிக் காட்டின் பழைய குடிதான். காய் முற்றுகிற நேரத்தில் மழை ஏமாற்றி, மண் காய்ந்து சூடேறினால், பறிக்கும் முன்பே காய்க்குள் குடியேறிவிடும். இந்தச் சீமையில் கடைசி மழை ஏமாற்றாத வருஷத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். பறித்த பிறகும் ஈரம் வைத்து மூட்டை கட்டினால் அதற்குக் கல்யாணக் கொண்டாட்டம். அதனால்தான் பெரியவர்கள் காயைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். கலகல என்றால் மூட்டை கட்டலாம், ஊமையாக இருந்தால் இன்னும் வெயில் வேண்டும். ஈரப்பதத்தை அளக்கிற கருவி அதே சங்கதியை எண்ணில் சொல்லும்.

கடலைக்கு மட்டும் வந்த வினையும் இல்லை. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்றவர்களுக்கு மஞ்சள் காமாலை கண்டு 106 பேர் இறந்தார்கள். அதே வீட்டுச் சோற்றைத் தின்ற நாய்களும் செத்திருந்தன. நாய் செத்ததற்கு யார் மனுக் கொடுப்பார்கள்? வேடிக்கை பேசிக்கொண்டு வந்த நான் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.

அரசாங்கம் தூங்கவில்லை, அடிக்கடி புரண்டு படுத்தது. கலப்படத்துக்கு எதிராக 1918-லேயே மதராஸ் மாகாணத்தில் சட்டம். 1954-ல் நாடு முழுமைக்கும் ஒன்று. 2006-ல் போட்ட புதுச் சட்டம் 2011-ல் அமலுக்கு வந்தபோது ஃபுட் இன்ஸ்பெக்டர் 'உணவுப் பாதுகாப்பு அலுவலர்' ஆனார். அவர் பஜாரின் ஒரு முனையில் இறங்கும் முன்பே மறுமுனையில் ஷட்டர் இறங்கும் வித்தை மட்டும் எந்தச் சட்டத்துக்கும் மாறவில்லை. சாம்பிளை நாலு பங்கு போட்டு, சீல் வைத்து, ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புவார். 14 நாளில் முடிவு வர வேண்டும். அப்படியே தின்கிற கடலை என்றால் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் அஃப்ளடாக்சின் வரைதான் அனுமதி.

இதில் ஒரு கூத்து உண்டு. நஞ்சு மூட்டை முழுக்கப் பரவிக் கிடக்காது. ஆயிரக்கணக்கான பருப்பில் நாலைந்து போக்கிரிகள் மொத்தத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அலுவலர் அள்ளிய கையில் அவை சிக்கினால் மூட்டையே குற்றவாளி, சிக்காவிட்டால் மூட்டையே உத்தமன். வறுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. அதற்கென்று தனி ருசியும் கிடையாது. ஆகவே நாட்டின் முதல் தற்காப்பு, மிட்டாய்க் கொட்டகையில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் அக்காதான்.

அப்படி ஒரு கொட்டகையில் கொஞ்ச நேரம் நின்றேன். முறத்தைப் பாராமலே விரல்கள் ஓடின. சுருங்கியது, கறுத்தது, பூத்தது எல்லாம் பக்கத்து டப்பாவில் விழுந்தன.

"இந்தச் சொத்தையெல்லாம் எங்கக்கா போகும்?"

"செக்குக்குத்தான்."

"எண்ணெய் போக மிச்சம்?"

"புண்ணாக்கு. மாட்டுக்கு வைப்பாக, கோழித் தீவனத்துல போடுவாக." முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி முழிக்கீக? நீங்க கோழிப்பண்ணையா வச்சிருக்கீக?"