தீவாளி அட்வான்சும் ஈரச் சுவரும்

டே பேராண்டி, கொழும்புலருந்து வந்த கையோட கலர் அட்டைய விரிச்சு வச்சு வீட்டையே ரெண்டாப் பிரிச்சிட்ட. உன் பொண்டாட்டி மயில்கழுத்துங்கிறா, உன் ஆத்தா வெண்ணெய்க் கலருங்கிறா. சுவரு என்ன சொல்லுதுன்னு ஒருத்தரும் கேக்கல.

வீட்டுக்கு வெளிய எப்ப பெயிண்ட் அடிக்கணும்னு நம்ம ஆளுங்களக் கேட்டா மூணு பதில்தான் வரும். பொண்ணு பாக்க வர்றாங்க, தீவாளி வருது, பக்கத்து வீட்டுக்காரன் அடிச்சிட்டான். மூணாவதுதான் கடும் வியாதி. ஒரு வீட்டுல கண்டா ஒரு வாரத்துல டிவிசன் பூரா பரவிரும். அந்தக் காலத்துல நாலாவதும் ஒண்ணு இருந்துச்சு. பெரிய தொரை பாக்க வர்றார்னா ரோட்டுக்குத் தெரியிற லயத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பாங்க. பின் லயத்துக்கு ஏன் இல்லைன்னா, அவரு கார்ல இருந்து கழுத்தத் திருப்ப மாட்டாராம்!

தீவாளிக் கணக்க மட்டும் கொஞ்சம் பாப்போம். தீவாளி வர்றது ஐப்பசியில. கொத்மலையில ஐப்பசின்னா மத்தியானம் இடி, சாயங்காலம் மழை. அந்த மழையிலதான் தோட்டத்துல தீவாளி அட்வான்ஸ் வாங்கி, ஈரச் சுவத்துல கொண்டு போய்ப் பூசுறோம். தைப்பொங்கல் வர்றதுக்குள்ள பெயிண்ட் உரிஞ்சு கீழ கெடக்கு. அட்வான்ச மட்டும் மாசாமாசம் சம்பளத்துல புடிச்சுக்கிட்டே இருக்கான். சுவத்துல இல்லாத பெயிண்டுக்குக் கடன் கட்டுற ஜனம் நாமதான்டா.

தை பொறந்து பங்குனி வரைக்கும், ஜனவரி நடுவுலருந்து மார்ச் வரை, அதுதான் பெயிண்டுக்குக் காலம். அப்பவும் காலையில பனி காயாம பிரஷைத் தொடாத. பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு, மூடுபனி எறங்குறதுக்கு முந்தி காயிற மாதிரி நிறுத்திக்க. மே மாசம் தென்மேற்கு மழை புடிச்சா கத முடிஞ்சது. மேல் கொத்மலை வான்கதவு தொறந்தாச்சுன்னு ரேடியோவுல சொன்னா, நீ பெயிண்ட் வாளிய மூடு.

இந்தக் கலர் அட்டை வியாதியே புதுசுதான். பத்துக்குப் பன்னெண்டு அடிக் காம்பராவுல தலைமுறை தலைமுறையாக் கெடந்த நமக்கு வெளிச்சுவருன்னு ஒண்ணு எங்க இருந்துச்சு? லயத்துல நடுக் காம்பராக்காரனுக்கு ரெண்டு பக்கமும் அடுத்தவன் சுவரு. சாரல் பூராவும் தொங்கக் காம்பராக்காரன் தலையில. தனி வீடு வந்ததும் நாலு பக்கச் சாரலும் நமக்கே சொந்தமாயிருச்சு. நம்ம பூண்டுலோயா டன்சினன் தோட்டத்துல மகாத்மா காந்தி புரம்னு இந்திய உதவியில கட்டின 404 வீட்ட 2018 ஆகஸ்ட்ல குடுத்தாங்களே, ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. அந்த வயசு வீடுன்னா வெளிச்சுவரு வாயத் தொறந்து பேச ஆரம்பிக்கிற நேரம்.

என்ன பேசும்? உள்ளங்கைய வச்சு அழுத்தித் தேச்சுப் பாரு. கையில தூள் ஒட்டுனா, வெயிலும் மழையும் பெயிண்டுல இருந்த பசைய தின்னு முடிச்சாச்சு. ஒரு கை தண்ணியத் தெளி. வழிஞ்சு ஓடுச்சுன்னா சட்டைப் பையில கை வைக்காத, இன்னும் காலம் இருக்கு. போன தீவாளிக்கு உன் மாமன் குடிச்ச மாதிரி சுவரு மடமடன்னு குடிச்சா, அடிக்கத்தான் வேணும். ஜன்னல் நிலைய மறந்துறாத. சுவத்துக்கு முந்தி மரந்தான் செதில் விடும். அத விட்டா உளுத்துப் போகும், அப்புறம் பெயிண்ட் செலவு தச்சன் செலவாயிரும்.

பச்சையாப் பாசி புடிச்சிருக்குன்னு பதறாத. அது அழுக்கு, சாவு இல்ல. ப்ளீச்சிங் பவுடரத் தண்ணியில கரைச்சு அடிச்சு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிரஷ் போட்டுத் தேச்சுக் கழுவு. பாதி வீடு புதுசாயிரும். பெயிண்ட் கடைக்காரர் இதச் சொல்ல மாட்டார். அவருக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல.

அடிச்சுவத்துல முழங்கால் ஒசரத்துக்கு உப்புப் பூத்திருந்தா, தண்ணி மண்ணுல இருந்து ஏறுது. அதுக்கு மருந்து வாளியில இல்ல, மம்பட்டியில இருக்கு. வீட்டுப் பின்னால கான் தூந்து கெடக்கு, போய்ப் பாத்தியா? கொம்பனி மலையில எத்தன மைல் கான் வெட்டியிருப்போம், சொந்த வீட்டுக்கு ஒரு கான் வெட்ட மட்டும் இடுப்பு வலிக்குது. பழைய கல்லு லயத்துல இருக்கிறவனுக்கும் ஒண்ணு சொல்லு: அந்தச் சுவரு மூச்சு விடணும், சுண்ணாம்பே போதும். மேல எமல்சன் அடிச்சா உள்ள ஈரம் அடைபட்டுக் கொப்புளம் விடும். புதுசாச் சிமெந்து பூசுன எடம்னா 4 வாரமாவது காயப் போடு.

விரிசலுக்கு வருவோம். மயிரிழை விரிசல் எல்லாச் சுவத்துக்கும் உண்டு. ஆனா ரெண்டு ரூவாக் காசு நுழையிற விரிசல், படிப்படியாச் சாஞ்சு ஏறுற விரிசல், போன மாசத்த விட நீண்டு போன விரிசல், இதுக்கெல்லாம் புட்டி பூசி மறைக்காத. நேத்து வரைக்கும் தொறந்த கதவு இறுகுறது, வாசல்ல தரை வெடிக்கிறது, புதுசா ஒரு ஊத்து கலங்கல் தண்ணியோட கெளம்புறது, இதெல்லாம் கூட இருந்தா பேசுறது சுவரு இல்ல, மலை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில லயத்தோட மண்ணுக்குள்ள போன சனத்த நெனச்சுக்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்ச மலை இது. விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுதி வை. கிராம சேவகர்கிட்டச் சொல்லி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளப் பாக்கச் சொல்லு. அடைமழை நேரத்துல இதெல்லாம் கண்டா மொதல்ல வீட்ட விட்டு எறங்கு, அப்புறம் 117க்கு அடி.

உன் வீட்ட நான் சுத்திப் பாத்துட்டேன். விரிசல் இல்ல, பயப்படாத. மூணு பக்கத்துக்குக் கழுவுனாலே போதும். தென்மேற்குப் பக்கச் சுவருக்கும் ஜன்னல் நிலைக்கும் மட்டும் பெயிண்ட் வாங்கு, மிச்சக் காசுல கான் வெட்டு. கலருக்கு எதுக்குச் சண்ட? அந்தச் சுவரு வீட்டுக்குள்ள இருக்கிற உங்க யாருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். அவங்கிட்டயே கேட்டு அடி.