திணற வைப்பது யார்?

கேள்வி: மூச்சை அடக்கினால் ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சு திணறுகிறதே, ஆக்சிஜன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதா?

பதில்: தீராது. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். வெளியே விடும் காற்றிலும் 16 சதவீதம் மிச்சம் இருக்கும். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவது அந்த மிச்சத்தை நம்பித்தான்! திணற வைப்பது கார்பன் டை ஆக்சைடு. வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தாலும் நாலு நாள் குப்பை வண்டி வராவிட்டால் இருக்க முடியுமா? ரத்தத்தில் இந்தக் கழிவு ஏறினால் அமிலத்தன்மை கூடும். உடனே மூளையின் முகுளம் 'மூச்சு விடு' என்று உத்தரவு போடும். நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றுப்பைகளை ஒட்டி ரத்த அணு ஓடும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் கழிவை இறக்கி ஆக்சிஜனை ஏற்றியாக வேண்டும். என்ன சுறுசுறுப்பு!

கிணற்றில் முங்கு நீச்சல் போடும் பிள்ளைகள் கவனிக்கவும்: முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்காதீர்கள். ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். திணறலே வராமல் தண்ணீருக்கடியில் மயங்கிவிடுவீர்கள். தனியாக முங்கவே முங்காதீர்கள்.