படுங்க, எழுந்திருங்க

தாம்பரத்துக்கு ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் வந்ததே படுத்துக்கொள்ளத்தான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்க்காரர்களுக்காகச் சானடோரியம் தொடங்கினார். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நிறைய ஓய்வு. 1937-ல் அது அரசு கைக்குப் போனது. இன்று "சானடோரியம் ஒண்ணு" என்று டிக்கெட் எடுக்கிறவருக்கு அது வெறும் ஸ்டேஷன் பேர்.

அந்தக் கட்டில்களின் கதையை முடித்துவைத்ததும் சென்னைதான். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் போதும், நெரிசலான குடித்தன வீட்டில் இருந்தபடியே காசநோய் குணமாகும், சானடோரியத்தில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை என்று இங்கே நடந்த ஓர் ஆய்வு 1959-ல் காட்டியது. உலகம் அதைக் கேட்டுக்கொண்டது. நாடு நாடாகச் சானடோரியங்களை மூடினார்கள்.

எண்பதுகளில் நான் உதவியாளாகச் சேர்ந்த பெரிய டாக்டர் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. காசநோய் நுரையீரல் சமாசாரம், இடுப்பு வேறு என்பது அவர் கட்சி. கிழக்குத் தாம்பரத்தில் அவருடைய கிளினிக். இடுப்பைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் ஒரே உத்தரவு: பலகைக் கட்டில், மூன்று வாரம். மெத்தை கூடாது, குனியக் கூடாது, தண்ணிப் பம்பு அடிக்கவே கூடாது.

ரயில்வேயில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்கள் மெடிக்கல் லீவு போட்டுவிட்டு அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு, நேரே தெருமுனைப் பம்புக்குப் போனார்கள். "படிக்காத ஜனம், சொல்பேச்சு கேக்காது" என்று டாக்டர் நொந்துகொள்வார். 1995-ல் பின்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. புதிதாக இடுப்புப் பிடிப்பு வந்த ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களில், படுத்தவர்களைவிட, முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்களாம். ஆக, படுத்துக்கொள்ள வசதி இருந்தவர்களுக்குத்தான் நாங்கள் கெடுதல் செய்தோம். வசதியில்லாதவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

கட்டிலுக்கு அடுத்தது ஊசி. ஒரு பெரிய டைக்ளோஃபினாக் குப்பியிலிருந்து வரிசையாகப் பல இடுப்புகளுக்கு ஏறும். கூடவே சிவப்பாக ஒரு பி12. நிறத்தைப் பார்த்தாலே பாதி வலி போய்விடும். டைக்ளோஃபினாக் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எத்தனையோ முறை சொல்லியும் அந்தக் குப்பி அசையவில்லை. கடைசியில் அதை அசைத்தது பாறுக் கழுகு. இந்த மருந்து ஏற்றிய மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் 2015-ல் அவற்றையும் நிறுத்தினார்கள். கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. மனுஷனுடைய சிறுநீரகத்துக்காக இத்தனை பேர் மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

ஊசிக்குப் பிறகு ஸ்கேனின் ராஜ்ஜியம். முன்பெல்லாம் "வாயுப் பிடிப்பு" என்று வந்தவர்கள் இப்போது எல்4-எல்5 என்று வீட்டுக் கதவு எண் மாதிரி ஒப்பிக்கிறார்கள். "ஜவ்வு விலகிடுச்சு சார்", "தேய்மானமாம்", "நரம்பு நசுங்கியிருக்காம்". வாயுப் பிடிப்புக்காரர் ஒரு பெருங்காய மோரோடு சமாதானமாகிவிடுவார். ஜவ்வு விலகியவர் பேரக்குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறார். 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 36 சதவீதம் பேருக்குத்தான் எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தது. இதை நான் சொன்னால், "அப்போ எனக்கு வலிக்குதே, அது பொய்யா?" என்பார்கள். நியாயமான கேள்வி.

அந்தக் கேள்வி எழாத வருஷம் ஒன்று உண்டு: 2006, சிக்குன்குனியா. காய்ச்சல் சில நாளில் போனது. மூட்டுவலி மாதக்கணக்கில் போகவில்லை. காலையில் எழுந்து பல் தேய்க்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. ஆனால் தெருவே நொண்டியதால் யாரும் யாரையும் "சும்மா நடிக்கிறா" என்று சொல்லவில்லை. மாமியாருக்கும் வந்திருந்தபடியால் மருமகளின் வலி செல்லுபடியானது. தனியாக வலிக்கிறவருக்கு அந்த யோகம் இல்லை. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்று உலக வலி ஆய்வாளர்கள் சங்கம் 2020-ல்தான் தன் விளக்கத்தில் எழுதிவைத்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத் தனி நோயாகவே எண்ணலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தது.

இப்போது என் கிளினிக்கில் முதல் கேள்வி, "வலியால எதை விட்டுட்டீங்க?" ரயில்வே மேம்பாலம் ஏறுவது, கோயிலில் தரையில் உட்காருவது, தூக்கம் என்று பதில்கள் வரும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடங்குவோம். வலிக்கும்வரை நடக்காதீர்கள், அதற்கு முன்பே நிறுத்துங்கள். நாளைக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். நல்ல நாளில் வீடு முழுக்கக் கழுவிவிட்டு மறுநாள் முடங்காதீர்கள். வலி முழுக்கப் போகாமல் போகலாம், ஆனால் அது சொல்கிறபடியெல்லாம் நீங்கள் ஆட வேண்டாம் என்பேன். அரை மணி ஆகும். கேட்டுவிட்டு, "ஊசி இல்லையா சார்? பேசினதுக்கா பீஸு?" என்பார்கள். பெரிய டாக்டர் ஒரு நோயாளிக்கு ரெண்டு நிமிஷம்தான் எடுப்பார். கைராசிக்காரர் என்று பேர். சிலர் என்னிடமிருந்து நேரே 2005-ல் சானடோரியத்தில் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போய் வர்மம், தொக்கணம் எடுத்துக்கொள்கிறார்கள். தொட்டுப் பார்க்கிறார்கள் என்கிறார்கள். அதிலும் பாயிண்ட் இருக்கிறது.

"நடங்க" என்று நானும் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கே நடப்பது? ஜி.எஸ்.டி. ரோட்டின் நடைபாதையில் டீக்கடையும் பைக்கும் நிற்கின்றன. சிட்லப்பாக்கத்துக்காரர்களுக்கு ஏரிக்கரை உண்டு. முடிச்சூரில் அடைமழை வந்தால் மொட்டை மாடிதான். பலகைக் கட்டிலாவது கடையில் கிடைத்தது.

இருந்தாலும் இத்தனை வருஷத்தில் நான் பார்த்த நல்ல வலி நிவாரணி ஒன்று சட்டமன்றத்திலிருந்து வந்தது. 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்றார்கள். போன மாதம் ஒரு ஜவுளிக்கடைப் பெண் வந்திருந்தார். நாள் முழுக்க நின்று காலும் இடுப்பும் போய்விட்டன. உட்கார விடச் சொல்லி முதலாளிக்கு ஒரு லெட்டர் எழுதித் தரட்டுமா, சட்டமே இருக்கிறதே என்றேன்.

"சட்டம் தெரியும் சார். நாற்காலியும் வாங்கிப் போட்டிருக்காங்க. அதுல கேரி பேக் கட்டு அடுக்கியிருக்கு. அதைத் தூக்கி எறக்கி வெச்சுத்தான் இந்த இடுப்பே பிடிச்சுக்கிச்சு."