50 மைக்ரான் மானம்

கருப்புக் கார் வாங்கும் ஆசை வந்தால் ஷோரூமுக்குப் போகாதீர்கள். ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் வந்து நிற்கிற நாலு வயதுக் கருப்புக் கார் ஒன்றைப் பாருங்கள். பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் மின்னும். வெள்ளைக் காரிலும் இதே கோடுகள் உண்டு. ஆனால் வெள்ளை அமுக்கமான பேர்வழி, வெளியே காட்டிக்கொள்ளாது. கருப்பு ஓட்டை வாய்.

1914 முதல் 1925 வரை ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி காரைக் கருப்பில் மட்டும்தான் விற்றது. அந்தக் காலத்து அமெரிக்கர்கள் கொடுத்துவைத்தவர்கள். தெருவில் எல்லார் வண்டியும் கருப்பு, எல்லார் வண்டியிலும் கீறல். பக்கத்து வீட்டுக்காரனின் வெள்ளைக் காரைப் பார்த்து வயிறெரிய வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லாததால், ஒரு ராத்திரி எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் செல்போன் டார்ச்சை அடித்து என் கருப்புக் காரைச் சுற்றிவந்தேன். டார்ச்சை எங்கே நகர்த்தினாலும் அந்த வட்டமும் கூடவே நகர்ந்தது. உண்மையில் கீறல் ஒன்றும் வட்டமாக இல்லை. நேர்க்கோடுகள் கன்னாபின்னாவென்று எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் வெளிச்சத்தைச் சுற்றி வட்டம்போலத் தெரிகிறது. இந்த விஞ்ஞானம் மனசுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

செக்யூரிட்டி பெரியவர் தன் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“என்ன சார் தொலைஞ்சுபோச்சு? மோதிரமா?”

“கீறல் பாக்கறேங்க.”

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “இது கம்பெனி டிசைன்னுல்ல சார் இத்தனை நாளா நெனச்சிட்டிருக்கேன்!”

மறுநாளிலிருந்து ஆலோசனைகள் வந்து குவிந்தன. மூன்றாவது மாடி மாமா டூத்பேஸ்ட் என்றார். மேல்மாடிக்காரர் தேங்காய் எண்ணெய் என்றார். எண்ணெய் வேலை செய்யாது என்று சொல்லமாட்டேன். கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அதை மறைக்கும். சாயங்காலத்துக்குள் ஊர்ப் புழுதியை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளும். சில கடைகளில் நல்ல விலைக்குச் செய்யும் ‘பாலிஷ்’ இந்த எண்ணெய்க்கு அண்ணன்தான். நாலு தரம் கழுவினால் பழைய கீறல்கள் சௌக்கியமாகத் திரும்பி வந்துவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துப் பார்த்தால் குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

கடைசியில் ஒரு டீடெய்லிங் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி உடனே பாலிஷ் மெஷினைத் தொடவில்லை. சின்னக் கருவி ஒன்றை எடுத்து, டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி ஒவ்வொரு தகட்டிலும் வைத்து எண் சொல்லிக்கொண்டே வந்தார். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியாம். பானெட் 115 மைக்ரான். முன்கதவு 120. வலது பின்கதவில் வைத்ததும் 640 என்று காட்டியது.

“பட்டி பாத்திருக்காங்க சார். நல்லா அடி வாங்கின கதவு.”

‘டாக்டர் ஓட்டின வண்டி சார், வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு, அவ்வளவுதான்’ என்று புரோக்கர் சொல்லி வாங்கிய கார் அது. கிளினிக் வாசலில் என்ன நடந்தது என்பது அந்தக் கதவுக்கு மட்டுமே தெரியும்.

தம்பி மேலும் விளக்கினார். நூற்றுச் சொச்சம் மைக்ரானில் பிரைமர், நிறம் எல்லாம் போக, மேலே பளபளக்கிற கிளியர்கோட் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிசு. மாதத் தவணை கட்டுகிறவனின் மானம் மொத்தமும் அதற்குள் அடக்கம். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதில்லை. கீறல் படாத இடத்தையெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கீறலின் ஆழத்துக்கு இறக்குவது. எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் ஒரே இன்கிரிமென்ட் போட்ட வருஷம் கையாண்டதும் இந்த முறைதான். இறக்கியது இறக்கியதுதான், திரும்ப வளராது. அதனால் எதைத் தேய்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று ஒரு கணக்கு உண்டு. கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கோட்டின்மேல் என் விரல் நகத்தை ஓட்டச் சொன்னார். நகம் மாட்டியது. “மாட்டினா அது ஆழம் சார். அதைத் துரத்திக்கிட்டுப் போனா இரும்பு வந்துரும்.”

பிறகு ஷாம்பு கழுவல். களிமண் கட்டி ஒன்றை வழுக்கலாக ஓட்டி, ஒட்டிக்கிடந்த அழுக்கை எடுத்தார். ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டினார். ஃபோம் பேடில் நாலு சொட்டுப் பாலிஷ் வைத்து, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மெஷினை அவசரமே இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தினார். சும்மா சுற்றுகிற மெஷின் இல்லை, சுற்றிக்கொண்டே ஆடுவது. ஒரே இடத்தில் சுற்றுவதைத் தெரியாதவன் கையில் கொடுத்தால் ஓரங்களில் பெயின்டே கருகிவிடுமாம். பானெட்டில் பாதி முடித்து விளக்கடித்தார். ஒரு பாதியில் பழைய கீறல் வலை, மறுபாதியில் டியூப்லைட் அப்படியே தெரிந்தது. அதன்மேல் ஓடிய பல்லிகூட.

வண்டியை ஒப்படைக்கும்போது, “தினம் யார் சார் துடைக்கிறது?” என்று கேட்டார்.

சொன்னேன். விடியற்காலையில் ஒரு அண்ணன் வருவார். ஒரே பக்கெட், ஒரே பழைய பனியன், அடுக்ககத்தின் அத்தனை கார்களும். மழை நாளில்கூட லீவு போடமாட்டார். முதல் காரில் எடுத்த மண்ணை அந்தப் பனியன் கடைசிக் கார்வரை பாரபட்சமில்லாமல் பங்கிட்டுக் கொடுக்கும். மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், பேனாக்கத்தியையே கீறும். கார் எம்மாத்திரம்?

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டு பக்கெட், புசுபுசுவென்ற மைக்ரோஃபைபர் துணிகள், காய்ந்த புழுதியைத் துடைக்கவே கூடாது என்ற உபதேசம், எல்லாவற்றையும் வாங்கிவந்து அண்ணனிடம் ஒப்படைத்தேன். பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் எட்டிப்பார்த்தால் அதே பனியன்.

“அண்ணே, துணி எங்கே?”

“வீட்டுல பத்திரமா இருக்கு சார். வெல்வெட்டு மாதிரி இருக்கே, இதைப் போயி வண்டி தொடைச்சா அழுக்காயிடாதா? பேத்திக்கு டிபன் பாக்ஸ் சுத்திக் குடுக்கிறோம்.”