இங்க ஒரு வெட்டு

படத்தை அவர் பார்ப்பதில்லை. ஓரத்தைத்தான் பார்ப்பார். போனை நீட்டியதும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒன்றும் தெரியாமல் மறுபடி இறக்கிக்கொள்வார். பிறகு சட்டைப்பையிலிருந்து இரண்டு அட்டைகள் வெளியே வரும். ஒன்று ஐசி, இன்னொன்று டச் அண்ட் கோ. முன்பு இரண்டாவது அட்டை லைசென்சாக இருந்தது. லைசென்சு போனுக்குள் குடிபோன பிறகு, டோல் கட்டும் அட்டைக்கு இந்தக் கலைப்பணி வந்து சேர்ந்தது. ஐசி இடப்பக்கத்திலிருந்து நகரும். டச் அண்ட் கோ மேலிருந்து இறங்கும். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளை உதைத்து, பனியில் நனைந்து நாம் எடுத்த படம் அந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளுக்கு நடுவே தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியதும் அண்ணன் நிமிர்வார்.

"தம்பி, இங்க ஒரு வெட்டு."

சுங்கை பெசாரில் ஞாயிற்றுக்கிழமை காலை, ரொட்டி சானாய்க் கடையின் மூலை மேசை. தெருப்படம் எடுக்கிற பைத்தியங்கள் ஆறு பேர் கூடுவோம். ஒருவர் லோரி ஓட்டுகிறவர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் கிளினிக்கில் மருந்து கொடுப்பவர், நான் செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் கிராணி. ஒரு ஃபூஜி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ரிக்கோ, மற்றதெல்லாம் போன். எல்லோருக்கும் அவர்தான் அண்ணன். ஆசிரியர் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். அவருக்கும் இவர் அண்ணன்தான்.

போனில் எடுத்த படத்துக்கும் என்ன லென்சு என்று கேட்பது, எதைக் காட்டினாலும் "கறுப்பு வெள்ளையா மாத்திப் பாரு" என்பது, தன் படத்தைக் கேட்டால் "ஹார்ட் டிஸ்க்குல கிடக்கு" என்று நழுவுவது, இதெல்லாம் எல்லா ஊர் அண்ணன்களுக்கும் உண்டு. பொறுத்துக்கொள்ளலாம். வெட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

செகிஞ்சானில் அறுவடை நேரம். அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் கொக்குகள் கும்பலாக எழும்புகின்றன. காட்டினேன். முதலில் இயந்திரத்தை வெட்டினார். "மெஷின் கண்ண உறுத்துது." பிறகு வலப்பக்கக் கொக்குகள். பிறகு இடப்பக்கக் கொக்குகள். மிஞ்சியது வரப்பும் கொஞ்சம் சேறும். "இப்பப் பாரு. மினிமல்."

கோலசிலாங்கூர் மலாவத்தி குன்றில் அந்தச் சாம்பல் நிறக் குரங்குகள் இருக்கின்றனவே, அவற்றின் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தாயும் குட்டியுமாக லோரிக்காரர் ஒரு படம் எடுத்திருந்தார். அண்ணன் தாயை வெட்டினார். "குட்டி மட்டும் போதும், கலர் அப்படியே நிக்குது." வெட்டிவிட்டு ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "இந்தக் கை யாரோடது?"

தைப்பூசத்துக்கு பத்துமலை போனோம். 272 படிகளுக்கும் 2018ல் வண்ணம் பூசினார்களே, அந்தப் படிகளில் ஜனவெள்ளம். படி வேண்டாம் என்றார், ஜனம் வேண்டாம் என்றார், கடைசியில் காவடியும் வேண்டாம் என்றார். என் கையில் தங்கியது நாலு மயிலிறகு.

ஒருநாள் ஒரு சூழ்ச்சி செய்தேன். பெயர் சொல்லாமல் ஒரு வண்ணப் படத்தைப் போனில் காட்டினேன். அம்பாசிடர் காருக்குள்ளிருந்து எடுத்தது. காரின் கதவும் கண்ணாடியும் குறுக்கே நிற்கின்றன. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் வேறு உலகம். அட்டைகள் வந்தன. நகர்ந்தன. திணறின. அண்ணன் பெருமூச்சு விட்டார்.

"இதுல நாலு படம் இருக்கு தம்பி. எடுத்தவன் ஒண்ணுன்னு நெனச்சுட்டான்."

எடுத்தவர் ரகுபீர் சிங், 1942ல் பிறந்து 1999ல் மறைந்தவர், இந்தியத் தெருவை வண்ணத்தில் எடுத்ததற்காகவே உலகம் கொண்டாடுகிற ஆள் என்று சொன்னேன். அவர் அசரவில்லை. "பெரிய ஆளுதான். யாரு இல்லேன்னா?" என்று ஐசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கார்த்தியே-பிரெஸோனை இழுத்தேன். அண்ணனின் குலதெய்வம் அவர். 1950 ஏப்ரலில் ரமணர் அடங்கிய நேரத்தில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவர் என்பதை அண்ணன் சொல்லும்போது, பக்கத்தில் கேமரா பை பிடித்தது இவரோ என்று தோன்றும். அந்தப் பெரிய மனிதர் வெட்டுக்குப் பரம விரோதி. கேமராவுக்குள் பார்க்கும்போதே படம் முடிந்துவிட வேண்டும், பிறகு கத்தி வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அதைச் சொன்னேன். அண்ணன் இதற்காகவே பல வருஷம் காத்திருந்தவர் போலச் சிரித்தார்.

"1932, பாரிஸ் ரயில்வே ஸ்டேஷன் பின்னால ஒரு ஆள் தண்ணியத் தாண்டுறான் பாரு, அது வெட்டுன படம். வேலிச் சந்துல எடுத்தாரு, பலகை மறைச்சுடுச்சு, வெட்டினாரு. அவரே வெட்டினாரு!"

தகவல் சரிதான். வாழ்நாளில் அந்த மனிதர் தப்பித் தவறி வெட்டிய ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கள் படம் அத்தனையும் இங்கே துண்டாகிறது.

கடைசி முயற்சியாக விவியன் மேயர் கதையைச் சொன்னேன். சிக்காகோவில் பிள்ளை வளர்க்கும் ஆயா வேலை செய்த பெண்மணி. ஒரு லட்சத்துக்கு மேல் படம் எடுத்து, ஏறக்குறைய யாருக்கும் காட்டாமல் பெட்டியில் போட்டு வைத்தார். 2007ல் பெட்டிகள் ஏலத்துக்குப் போய்த்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 2009ல் இறந்துவிட்டார். சொல்ல ஆளே இல்லாமல் இவ்வளவு செய்திருக்கிறார் பாருங்கள் என்றேன்.

"அதான் சொல்றேன். யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்லா வந்திருக்கும்."

இவ்வளவு சொன்னேனே, அந்த மனிதரின் பழைய கதையையும் சொல்லிவிட வேண்டும். டிஜிட்டல் வருவதற்கு முன் தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் போய்க் கல்யாணப் படம் எடுத்தவர். சுருளுக்கு 36 படம், அதற்குமேல் எடுத்தால் கைக்காசு. மாப்பிள்ளையின் தாய்மாமன், பெண்ணின் தாய்மாமன், தோட்டத்துப் பெரிய கிராணி, மண்டோர், மண்டோரின் சம்சாரம், கூப்பிடாமலே வந்து நடுவில் நிற்கும் ஒரு சித்தப்பா, எல்லோரும் ஒரே படத்துக்குள் அடங்க வேண்டும். ஒருத்தரின் தோள் வெட்டுப்பட்டாலும் ஆல்பம் திரும்பி வரும், மீதிப் பணம் வராது. சாக்கடை ஓரம் வரைக்கும் பின்னால் நகர்ந்து நகர்ந்து எடுத்ததாகவும், ஒருதடவை சாக்கடைக்குள்ளேயே நின்று எடுத்ததாகவும் சொல்வார். முப்பது வருஷம் ஒரே ஒரு சித்தப்பாவைக்கூட வெட்ட முடியாமல் வாழ்ந்த மனிதர். அந்தக் கணக்கைத்தான் இப்போது எங்களிடம் தீர்க்கிறார் என்பது ஆசிரியரின் கண்டுபிடிப்பு. நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அந்தப் பாவம் அடுத்த ஞாயிறு வரைக்கும் தாங்கும்.

இத்தனை வருஷத்தில் ஒரு படத்தையாவது பார்த்து, "இது யாரு?" என்று அவர் கேட்டதில்லை. வேடிக்கையை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதுதான் எரிச்சல். குரங்கின் கைக்குக் கேட்டாரே, அதுகூட மனுஷனுக்குக் கிடையாது. தெருப்படம் என்றால் முன்பின் தெரியாதவனை எடுத்துவிட்டு நடையைக் கட்டுவது. கோலாலம்பூரில், பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் அது முடியும். சுங்கை பெசாரில் தெரியாத ஆளுக்கு எங்கே போவது? ஐந்தாம் எண் சாலையை ஒருத்தர் கடப்பதை எடுத்தால், மறுநாள் பேங்க் வரிசையில் அவர் எனக்கு முன்னால் நிற்கிறார். "தம்பி, அன்னைக்கு எடுத்தியே, படம் எங்க?" என் பொழுதுபோக்கில் பாதிச் செலவு 4ஆர் கழுவிக் கொடுப்பதில் போகிறது. கழுவிக் கொடுக்கும்போது முழுசாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. "உங்களை வெட்டினால் படம் நன்றாக இருக்கும் என்று அண்ணன் சொன்னார்" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

முடிதிருத்தும் கடைப் படம் அப்படித்தான் ஆனது. கடைக்காரர் குனிந்து ஒரு பையனுக்குக் காதோரம் வெட்டுகிறார். கண்ணாடியில் பையனின் திறந்த வாய். இடப்பக்க ஓரத்தில், வாசல் நாற்காலியில், பாதி உடம்பு வெயிலிலும் பாதி நிழலிலுமாக ஒரு பெரியவர். கடைக்காரரின் அப்பா. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். விடிவதற்கு முன்னே போய், பட்டையைச் சரிவாக, நகக்கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், தண்டலிடம் திட்டு. அந்த விரல்கள் இன்னும் அப்படியே வளைந்து, நாற்காலிக் கையைப் பிடித்திருக்கும். படமே அந்த விரல்தான். ஐசி நேராக அங்கே போய் நின்றது.

"பெரியவர் எதுக்கு தம்பி? டிஸ்டர்ப். இங்க ஒரு வெட்டு."

நான் ஒன்றும் பேசவில்லை. வெட்டாமல் பெரிதாகக் கழுவி, ஃபிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டிவிட்டார்.

போன மாதம் நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் முடி வெட்ட வந்தார். கழுத்தில் துணி கட்டியாயிற்று. எதிர்க் கண்ணாடியில் பின்சுவர்ப் படம் இடம் வலம் மாறித் தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே வாசலும் தெரிந்தது; வாசலில் பெரியவர், அதே நாற்காலி, அதே விரல். அண்ணன் படத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். துணிக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. ஐசி இல்லாததால் வெறும் உள்ளங்கை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, கையைக் கண்ணாடிக்கு நேரே நகர்த்தினார்.

"அந்த வலது பக்கம் மட்டும்..."

கடைக்காரர் அந்தக் கையைப் பிடித்துத் துணிக்குள் திரும்ப வைத்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் அண்ணனின் இரண்டு காதுகளில் வைத்து, தலையை நேராக நிமிர்த்தினார்.

"தலைய ஆட்டாதீங்கண்ணே. ஓரம் வெட்டிக்கிட்டு இருக்கேன்."