பேய்க்கு மார்க்குப் போடுற பேரன்

எட மோனை, புதுமைப்பித்தன்ரை 'காஞ்சனை'யை வாசிச்சிட்டு, "ஒரு பயமும் வரேல்லை அப்பப்பா" எண்டு கொப்பிக்குப் புள்ளி போடுற வாத்தியார் மாதிரிச் சொல்லுறாய். கெட்டிக்காரன்தான். எப்பிடி வாசிச்சனி? தலைக்கு மேலை எல்.ஈ.டி. பல்ப், பக்கத்திலை ஃபான், பந்திக்கொருக்கா போன் கிணுகிணுப்பு. பேய் வாறதெண்டாலும் உன்ரை வட்சப்பிலை வரிசையிலை நிண்டெல்லோ வரவேணும்!

"அந்தக்காலத்துச் சனம் பேய்க்குப் பயந்த சனம்" எண்டும் ஒரு தீர்ப்பு. பொறு. 1943இலை வந்த கதை. அதைச் சொல்லுறவன் ஆர்? தோட்டம் கொத்துறவனே? கதை எழுதுற மனுசன், உன்னைப் போலை எல்லாத்துக்கும் காரணம் கேக்கிற சாதி. பிச்சைக்கு வந்தவளைப் பெஞ்சாதி வேலைக்கு வைச்சுக் குசாலாய்க் கதைச்சுக்கொண்டிருக்கிறா. படிச்சவர்தான் அவளின்ரை கால் நிலத்திலை முட்டுதோ எண்டு பாத்து முழிக்கிறார், ராவிலை மணம் பிடிச்சு நித்திரை கெடுறார். கதை உன்னைப் பற்றியடா!

வெள்ளைக்காரன்ரை 'டிராகுலா'வும் அப்பிடித்தான், 1897. அந்த நாவலிலை ஒரு டொக்டர் தன்ரை குறிப்பை போனோகிராபிலை பேசிப் பதியிறார், மீனா எண்டவ தட்டச்சு அடிக்கிறா, தந்தி பறக்குது, கொடக் கமராவும் வருது. உனக்கு எல்லாம் நூதனசாலைச் சாமான். அண்டைக்கு அதுகள் புத்தம் புதுசு. இவ்வளவு மிசினையும் வைச்சுக்கொண்டும் ஒரு கிழட்டுப் பிரபுவைப் பிடிக்கேலாமல் ஓடித்திரியினமே எண்டதிலைதான் வாசிச்சவனுக்குக் குளிர் பிடிச்சது.

உன்ரை கொப்பரைக் கேள். 1990க்குப் பிறகு சண்டையாலை கரண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கிலை வாசிச்சவர். அடியிலை ஒரு விரல் மண்ணெண்ணெய். எழுத்தைப் பாத்தால் சுவர் தெரியாது. பனங்கூடலுக்குள்ளை காவோலையொண்டு சரசரவெண்டு விழுந்தால் ஆள் புத்தகத்தை மூடி அதுக்கு மேலை இருப்பார். செல்லடிக்கிற நேரத்திலை பேய்க்கதை என்னத்துக்கெடா எண்டு ஒருநாள் கேட்டன். "பேய் ஒராளை ஒராளாய்த்தான் பிடிக்கும் அப்பு" எண்டான்.

2011 ஆவணியிலை, உடம்பிலை கிறீஸ் பூசிக்கொண்டு ராவிலை ஆரோ வாறாங்கள் எண்டு ஊரே பயந்த கிறீஸ் பூதம் வந்ததே, மறந்துபோச்சோ? அது புத்தகத்திலை வரேல்லை. ஓ-லெவல், ஏ-லெவல் எல்லாம் பாஸ் பண்ணினதுகள் பொல்லோடை விடிய விடிய ஒழுங்கையிலை நிண்டதுகள். நீ ஒண்டுக்குப் போக கொம்மா லாம்போடை துணைக்கு வந்தவ.

இனி வாசிக்கேக்கை பேய் எப்ப வரும் எண்டு பக்கத்தைத் தட்டாதை. 'காஞ்சனை'யிலை அந்த எழுத்தாளன் தன்ரை கண்ணையே நம்பேலாமல் நிக்கிற இடத்திலை கொஞ்சம் நில். முடிவிலை விளக்கம் இல்லையெண்டு கோவிக்கவும் வேண்டாம். விளக்கம் வேணுமெண்டால் நீ படிக்கிற கம்பஸிலை கேள், கட்டுக்கட்டாய்த் தருவினம்.

சரி, நேரம் பத்தாகுது. படலை கொளுவிக் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு வா. போன் லைற் வேண்டாம், நிலவு காலிக்குது. என்ன முழுசுறாய்? சீரணி நாகபூசணி அம்மன்ரை திருநீறு சாமியறையிலை கிடக்கு, பூசிக்கொண்டு போ. கம்பஸிலை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.